தண்ணீர் வரிசையில் படித்த பாலைவனம்
விஞ்ஞானப் புனைகதையும் மாயாஜால நாவலும் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறவர்களின் வாசிப்பு என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தபோது, கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தது. என் பச்சைக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலைப் படித்தேன். மழையே இல்லாத கிரகம்; வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் மீண்டும் குடிநீராக்கும் உடையை அங்கே அணிகிறார்கள். அந்தப் பாலைவன மக்களின் தலைவன் ஒருவன், அந்தக் கிரகத்தை ஆள வந்த பிரபுவின் முன்னால் மேஜைமீது எச்சில் துப்புகிறான். சுற்றியிருப்பவர்கள் கொதிக்கிறார்கள். ஆனால் அது அவமதிப்பே அல்ல. தன் உடம்பின் நீரைக் காணிக்கையாகக் கொடுக்கும் மரியாதை! அதைப் படித்த அன்று மாலை, பக்கத்து வீட்டு அக்கா தன் பங்கிலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரிக்கு அரைக் குடம் ஊற்றிக் கொடுத்தார். அவர் எதைக் கொடுக்கிறார் என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. தப்பி ஓடியவனுக்கு அது கண்ணில் பட்டிருக்குமா? தமிழில் இந்த வகை எழுத்தே இல்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் வருந்தியிருக்கிறார். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை அவர் அவசியம் சந்திக்க வேண்டும். அந்த நாவலைப் பள்ளி நாட்களில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியாக வாங்கினேன். இன்றும் அலமாரியில் கை எட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.