பேசாமலே இருந்தால் நட்பு அப்படியே இருக்காது

தோழியின் அம்மா இறந்தபோது ஆறு நாள் போய் அவளோடு இருந்துவிட்டு வந்ததைப் பற்றி நேற்று முன்தினம் போட்ட பதிவின் கீழே வந்த அந்தக் கருத்தை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாகப் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். ஒருவர் சொன்னதோடு போயிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அதற்கு விருப்பக்குறி போட்டவர்கள் யார் என்று திறந்து பார்த்தேன். நேரில் தெரிந்தவர்கள் மட்டும் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். அதனால் தனிப்பட்ட பதிலாக இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

"அக்கா தங்கச்சின்னா போகலாம், சரி. தோழியோட அம்மா இறந்ததுக்குப் புருஷன் பிள்ளைகளை விட்டுட்டு ஆறு நாள் போய் உட்காரணுமா? உண்மையான நட்புன்னா பத்து வருஷம் பேசாட்டியும் அப்படியே இருக்கும். ஒரு போன் போதாதா?"

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்க அவ்வளவு நன்றாக இருப்பதால் யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.

பத்து வருடம் பேசாவிட்டால் நட்பு அப்படியே இருக்காது. உங்களுக்கு அப்படி ஒரு நட்பு இருப்பதாகத் தோன்றினால், அந்தப் பத்து வருடமும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் உங்கள் பிறந்தநாளை மறக்காமல் இருந்திருக்கிறார். நீங்கள் எண் மாற்றியபோது நாலு பேரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். நீங்கள் பதில் போடாத செய்திக்குக் கோபப்படாமல் அடுத்த செய்தி அனுப்பியிருக்கிறார். நீங்கள் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது என்கிறீர்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தாரே, அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். நட்பு தானாகத் தொடர்வதில்லை. யாரோ ஒருவர் தொடர்கிறார்.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பள்ளி முடித்து வெளியே போன மாணவர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்து 2015-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சு குறைந்தபோதும் சொந்தக்காரர்களிடம் இருந்த நெருக்கம் பெரிதாக மாறவில்லை. நண்பர்களிடம் இருந்த நெருக்கம்தான் இறங்கியது. முன்னைவிட அதிகமாகப் பேசியோ, சேர்ந்து ஏதாவது செய்தோ முயற்சி எடுத்தவர்களிடம் அது தாக்குப்பிடித்தது.

யோசித்தால் புரிகிற விஷயம்தான். என் சித்தப்பாவிடம் ஐந்து வருடம் பேசாமல் இருந்தாலும் அவர் என் சித்தப்பாதான். ஒரு கல்யாணமோ சாவோ சொத்துத் தகராறோ எங்கள் இருவரையும் ஒரே அறையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். தோழியை அப்படிக் கொண்டுவந்து உட்கார வைக்க யார் இருக்கிறார்கள்? நான் போனால் உண்டு, அவள் வந்தால் உண்டு. அதனால்தான் போனேன்.

அவளை இங்கே பலருக்குத் தெரியும். 1989-இல் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். பதினைந்து வயதில் அவள் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். அதன் பிறகு இன்றுவரை நாங்கள் ஒரே ஊரில் வாழ்ந்ததே இல்லை. எங்களைப் பார்ப்பவர்கள் சிறு வயதிலிருந்து ஒட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள் என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் சேர்ந்திருந்தது ஏழு வருடம். பிரிந்திருப்பது அதைப் போல நாலு மடங்கு.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் ஏதோ நட்பைக் காப்பாற்றியவள் போலப் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காப்பாற்றியவள் அவள். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்த பிறகு, 2008-லிருந்து மூன்று வருடம் நான் அவளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு அறுவை சிகிச்சை, வீடு மாற்றம் என்று ஒன்று மாற்றி ஒன்று. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டது ஒரு மாதமானது. ஒரு மாதமான பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படி எழுதுவது என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் மூன்று வருடத்தைத் தின்றது, வேலைப்பளு இல்லை.

அந்த மூன்று வருடத்தில் அவளிடமிருந்து 11 மின்னஞ்சல் வந்திருந்தது. அவள் வேறு நாட்டில், கைக்குழந்தையோடு, அப்போதே சரியில்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு கல்யாணத்துக்குள் இருந்தாள். எதிலும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. "இன்னைக்கு மழை. உன் குடையை உடைச்சது ஞாபகம் வந்துச்சு" என்று ஒன்று. அவ்வளவுதான் அந்த மின்னஞ்சல். பன்னிரண்டாவதை அவள் அனுப்பும் முன் நான் பதில் எழுதினேன். எழுதியிருக்காவிட்டால் அவளும் நிறுத்தியிருப்பாள். நிறுத்தியிருந்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

அதனால் "அப்படியே இருக்கும்" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த 11 மின்னஞ்சல்தான் கண்ணில் படுகிறது. அந்த வாக்கியம் அவள் செய்ததை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

எல்லோருக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேள்வி நியாயம்தான். எங்களுக்கும் இல்லை. என் இரவு அவளுக்குப் பகல், இரண்டு பேருக்கும் சின்னப் பிள்ளைகள், சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைக்காது. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் புரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு போயிற்று. அவள் மகளைத் தூங்க வைத்துவிட்டுக் கிசுகிசுப்பான குரலில் நாலு நிமிடம் பேசி அனுப்புவாள். நான் மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன், துணி மடித்துக்கொண்டே பதில் அனுப்புவேன். வாரத்துக்கு நாலு நிமிடம். அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியெல்லாம் இருந்தும் 2017-இல் அவளுக்கு விவாகரத்து ஆனது எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தெரியும். குரல்செய்தியில் எல்லாம் பேசினாள், அதைத் தவிர. பின்னால் கேட்டபோது, "உனக்கே ஆயிரம் வேலை, இதுல நான் வேறயான்னு நினைச்சேன்டி" என்றாள். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. தொந்தரவாக இருக்குமோ என்ற அந்த நினைப்பு எத்தனை பேரைத் தனியாக அழ வைத்திருக்கும்! பெக்கி லியு என்பவரும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். நாம் சும்மா ஒருவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்பது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை நாம் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறோமாம். எதிர்பாராமல் கேட்கும்போது சந்தோஷம் இன்னும் கூடுதலாம். ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. ஆனால் "ஒரு போன் போதாதா" என்று கேட்பவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு போனைச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எல்லா பழைய நட்பையும் இழுத்துக்கொண்டே போக வேண்டுமா, சில நட்பு முடிந்துபோவது நல்லதில்லையா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், நல்லதுதான். பார்க்கும்போதெல்லாம் நம்மைச் சின்னதாக உணர வைப்பவரைச் சிறுவயதுப் பழக்கம் என்பதற்காகச் சுமக்க வேண்டியதில்லை. அது வேறு பேச்சு. நான் வேண்டும் என்று நினைக்கிற நட்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொருவர் சங்ககாலத்து மன்னன் கோப்பெருஞ்சோழனையும் புலவர் பிசிராந்தையாரையும் கொண்டுவந்தார். பார்க்காமலே, பழகாமலே வளர்ந்த நட்பு என்றார். ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, பிசிராந்தையார் வந்தார். பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி வந்தார். வருவாரா என்று பக்கத்தில் இருந்தவர்களே சந்தேகப்பட்டார்கள். வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்று சோழன் சொன்னான். அந்த இடம் காலியாகவே கிடந்திருந்தால் இன்றைக்கு நாம் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருப்போமா?

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதில்தான்.

புருஷன் பிள்ளைகளை விட்டுவிட்டு என்கிறீர்கள். என் பிள்ளைகளுக்குப் பதினாறு வயதும் பதின்மூன்று வயதும். கை, கால் நன்றாக இருக்கிறது. என் கணவர்தான் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தார். போன வருடம் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் இறந்தபோது எட்டு நாள் போய் இருந்தோம். அந்த அண்ணனை நான் வாழ்நாளில் மூன்று முறை பார்த்திருப்பேன். அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாள் கணக்கு தோழிக்கு மட்டும்தானா?

அலுவலகத்திலும் இதே கேள்விதான். விடுப்புப் படிவத்தில் இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். தோழியின் தாயார் என்று எழுதினேன். குடும்ப உறுப்பினருக்கு மட்டும்தான் என்று திரும்பி வந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்த பெண் மெதுவாக, "அத்தைன்னு போட்டுடுங்க மேடம், யார் பார்க்கப் போறாங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. 35 வருடத்துக்கு மேல் பழகியவருக்கு அவருடைய கடைசி நாளில் ஒரு பொய்ப் பெயர் வைக்க வேண்டுமா? சம்பளம் இல்லாத விடுப்பில் போனேன்.

அக்கா தங்கை போகலாம் என்று அனுமதி கொடுத்தீர்களே, அவளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. ஒற்றைப் பிள்ளை. அப்பா முன்பே போய்விட்டார். இப்போதுள்ள கணவர் அருமையான மனிதர், ஆனால் 2020-இல்தான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தார். அவருடைய முதல் கல்யாணத்துப் பையன், இவளுடைய மகள், அவருடைய அம்மா, எல்லோரும் சேர்ந்து மெதுமெதுவாக ஒரு வீடாகிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பார்த்தது எல்லாம் கட்டிலில் கிடந்த ஒரு வயதான அம்மாவைத்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "அம்மா சிரிச்சா எப்படிடி இருப்பாங்க? எனக்குக் கடைசி ரெண்டு வருஷத்து முகம்தான் வருது. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், வர மாட்டேங்குது."

அதுவரை அவள் அழவே இல்லை.

நான் சொன்னேன். எங்கள் இருவருக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள் அம்மாதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். ஒரு நாள் ஓடும்போது செருப்பு வார் அறுந்து, விழப்போய், விழாமல் நின்று, அறுந்த செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் சிரித்தார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார், முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்பதால். அன்றைக்குப் பொத்த முடியவில்லை, ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் என் சீட்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். விடியும்வரை அழுதாள். இடையிடையே சிரித்தாள். "ஆமா, பல்லு, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வீட்டில் அவள் அம்மாவை முப்பத்தைந்து வயதுப் பெண்ணாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அது ஒரு போனில் முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு மேற்கொண்டு சொல்லத் தெரியவில்லை. போனில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன், இருட்டாக இருந்தது, மூன்று நாள் ஆகியிருந்தது. அதனால் கேட்டாள்.

அந்தக் கருத்தை நான் நீக்கவில்லை. நீக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் படித்துவிட்டாள். நேற்று இரவு ஒரு குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள், நாற்பது வினாடி. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் அந்த சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாள்.

பச்சை. வலது பக்கக் கைப்பிடியில் மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.