ஸ்கைரிம் கேமின் பழைய வெர்ஷனுக்குக் கிராக் (திருட்டுக் காப்பி) தேவையில்லை

"பழைய 1.5.97 வெர்ஷன் வேண்டுமென்றால் கிராக் காப்பிதான், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியவனுக்கு வழியே இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது தப்பு. காசு கொடுத்து வாங்கிய கேமுக்கு எதற்குக் கிராக்? ஸ்டீமுக்குள்ளேயே கன்சோல் (கட்டளை தட்டும் பக்கம்) ஒன்று இருக்கிறது, அதில் download_depot என்ற கட்டளையோடு கேம் எண் 489830, டெப்போ (கேம் ஃபைல்களின் ஒரு தொகுப்பு) எண் 489833, அப்புறம் அந்தப் பழைய வெர்ஷனைக் குறிக்கும் மேனிஃபெஸ்ட் எண் கொடுத்தால் பழைய இஎக்ஸ்இ ஃபைல், அதாவது கேமை ஓட்டும் முக்கிய ஃபைல், வந்துவிடும். அதை எடுத்து கேம் ஃபோல்டரில் போட வேண்டியதுதான்.

அப்டேட் வந்தால் எல்லா மாட்களும் (mods, கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) உடைவதும் இல்லை. 2021 நவம்பர் அப்டேட்டில் இஎக்ஸ்இ மாறியதால் எஸ்கேஎஸ்இ (SKSE) என்ற துணைப் புரோகிராமும் அதை நம்பியிருக்கும் டிஎல்எல் (DLL) ஃபைல் கொண்ட மாட்களும்தான் நின்றன; படத் தோற்றத்தை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் மாட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நிறைய பேர் இஎக்ஸ்இயை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் புதிதாகவே வைத்திருக்கிறார்கள். கோத்தகிரியில் மழை பிடித்தால் நெட் படுத்துவிடும், எனக்கு முழு கேமையும் மறுபடி இறக்குவதென்றால் ரெண்டு ராத்திரி போய்விடும், ஆகவே இந்த வழிதான் கட்டுப்படியாகும்.

"ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணு" என்ற யோசனையும் உதவாது, ரீஇன்ஸ்டால் பண்ணினால் புதுசுதான் இறங்கும். அப்டேட்டை "கேம் திறக்கும்போது மட்டும்" என்று வைத்து, ஸ்டீம் பட்டனை விட்டு எஸ்கேஎஸ்இயின் லோடர் ஃபைல் வழியாகவே கேமைத் திறங்கள். சேவ் ஃபைலை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், புது வெர்ஷனில் போட்ட சேவ் பழையதில் சரியாக ஓடும் என்று நம்ப வேண்டாம்.