எதிர்காற்றில் ஓங்கி அடிப்பது தீர்வல்ல

"லிங்க்ஸ் (கடலோர கோல்ஃப்) மைதானத்தில் எதிர்காற்று வந்தால் அதே கிளப்பால் (மட்டையால்) இன்னும் ஓங்கி அடித்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது நேர்மாறு. வேகம் கூடக் கூட பேக்ஸ்பின்னும் (பந்தின் பின்சுழற்சியும்) கூடும். எதிர்காற்றில் அது பந்தை மேலே தூக்கிவிடும். உச்சியில் வேகமெல்லாம் தீர்ந்து பொத்தென்று விழும்.

வழக்கமாக 7 அயர்ன் (இரும்புத் தலை மட்டை; எண் குறைந்தால் தூரம் கூடும்) எடுக்கும் தூரத்துக்கு 5 எடுங்கள், காற்று பலமென்றால் 4. பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, பந்தைப் பின்காலின் பக்கம் ஒரு பந்து அகலம் தள்ளி வைத்து, நிதானமாக முக்கால் ஸ்விங். முடிவில் கைகள் நெஞ்சுயரத்தைத் தாண்ட வேண்டாம். பந்து தாழ்வாகப் போய் இறுகிய தரையில் உருண்டோடும். அதனால் குழியில் நிற்கும் கொடியை நேராகக் குறிவைக்காமல், குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்பரப்பான கிரீனுக்கு முன்னாலேயே இறக்குங்கள்.

கிரீன் ஓரத்தில் லாப் வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) எடுக்கலாம் என்ற யோசனையும் வம்புதான். புல் ஒட்ட இருக்கும் கெட்டித் தரையில் வெட்ஜின் அடிப்பகுதி பட்டு எகிறும். விளிம்பு பந்தின் நடுவில் இடிக்கும். பந்து மறுபக்கம் போய் நிற்கும். அங்கே பந்தை உருட்டும் மட்டையான பட்டர் போதும், அழகு பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: "ஆழமான பங்கரில் (மணல் பள்ளத்தில்) சிக்கினால் உள்ளிருந்தே ஆட வேண்டும்" என்பதும் தவறு. 2019 விதிகளின்படி 2 தண்ட அடி ஏற்றுக்கொண்டு, கொடி நிற்கும் குழியையும் பந்தையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னோக்கிப் போய் வெளியே பந்தைப் போடலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆவது குழியில் உள்ள ரோடு ஹோல் பங்கரில் சுவரை ஒட்டிப் பந்து நின்றால், பல நேரம் இதுவே மலிவு.