'இல்மேட்டிக்' மட்டும்தானா நாஸ்?

அமெரிக்க ராப் பாடகர் நாஸ் என்றால் 1994இல் வந்த 'இல்மேட்டிக்' ஆல்பம்தான், அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் இறங்குமுகம் என்று ராப் ரசிகர்கள் பலர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இடையில் தடுமாறியது அவருடைய பீட் தேர்வுதான், அதாவது வரிகளுக்குப் பின்னணியாக ஓடும் இசையின் தேர்வு. எழுத்து பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றது என்பது என் கட்சி.

'இல்மேட்டிக்'கின் பெருமை நியாயமானது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட இருபது வயது இளைஞருக்கு டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொபசர், க்யூ-டிப் எனப் பெரிய தயாரிப்பாளர்கள் வரிசையாக இசை கொடுத்தார்கள். ஜாஸ் கலைஞரான அவருடைய தந்தை ஓலு டாரா ஒரு பாடலின் இறுதியில் டிரம்பெட் போன்ற கார்னெட்டை வாசித்தார் (எனக்கு ஆல்பத்திலேயே மிகப் பிடித்த பகுதி அதுதான்).

1996இல் வந்த 'இட் வாஸ் ரிட்டன்' அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆனால் அதன் மெருகேறிய வணிக ஒலியைப் பழைய ரசிகர்கள் வெறுத்தார்கள். அந்த வெறுப்பில் அவர்கள் கவனிக்கத் தவறியது 'ஐ கேவ் யூ பவர்' என்ற பாடலை. அதில் கதை சொல்வது ஒரு துப்பாக்கி. கொலை செய்து செய்து அலுத்துப்போன அது, வேண்டுமென்றே மக்கர் செய்வது என்று முடிவெடுக்கிறது. அதை நம்பி விசையை அழுத்தியவன் எதிராளியின் குண்டுக்குப் பலியாகிறான். விடுதலை கிடைத்ததாக நினைக்கும் அந்தக் கணத்தில், இன்னொருவன் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறான். இதை எழுதியவரைத் தேய்ந்துபோனவர் என்று எப்படிச் சொல்வது?

1999இல் நிலைமை உண்மையிலேயே மோசமானது. இரட்டை ஆல்பத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பாடல்கள் இணையத்தில் கசிந்துவிட்டதால் திட்டமே மாறியது. அவ்வாண்டு இறுதியில் வந்த 'நாஸ்ட்ரடாமஸ்' அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம். 2001இல் 'ஸ்டில்மேட்டிக்' அவரை மீட்டது. அப்போது சக ராப் பாடகர் ஜே-ஸீயுடன் நடந்த சண்டையைப் பற்றித் தேவைக்கு மேல் பேசியாகிவிட்டது. அதே ஆல்பத்தில், ஒரு கொலைக் கதையை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கியே சொல்லிச் செல்லும் 'ரீவைண்ட்' பாடலுக்கு அந்தப் பேச்சில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு வலுவான சான்று 2020க்குப் பிறகுதான் வந்தது. ஹிட்-பாய் என்ற தயாரிப்பாளருடன் நிலையாகக் கூட்டுச் சேர்ந்து, 'கிங்ஸ் டிசீஸ்' தொடங்கி 2023 வரை ஆறு ஆல்பங்களை வெளியிட்டார்; பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கைக்கு எட்டாதிருந்த கிராமி விருது, அவற்றுள் முதல் ஆல்பத்துக்கே 2021இல் கிடைத்தது. ஆறாவதான 'மேஜிக் 3' அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று வந்தது. வெறுமனே ஒரே தயாரிப்பாளர் என்பதால் நடந்ததல்ல இது. 2018இல் கான்யே வெஸ்ட் தயாரித்த ஏழு பாடல் ஆல்பமான 'நாசிர்' அப்படி வந்தும் எடுபடவில்லை. ஹிட்-பாய் இவருடைய குரலுக்கு இடம்விட்டு இசையமைத்தார். சேர்ந்து வேலை செய்யச் செய்ய இருவரும் மேம்பட்டார்கள். 'கிங்ஸ் டிசீஸ் 3' அந்த வரிசையின் உச்சம் என்பேன். 'மேஜிக் 2' மட்டும் சற்றுச் சோர்வானது. அதன் நல்ல பாடல்களை 'மேஜிக் 3'உடன் சேர்த்து ஒரே ஆல்பமாக வெளியிட்டிருக்கலாம்.