நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?

“எங்களையும்தான் ரோத்தான் பிரம்பால் வெளுத்தாங்க, நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?” தீபாவளிக்கு உறவுக்காரர்கள் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் முறுக்குத் தட்டு காலியாவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் ஆண். அவர் ஆரம்பித்ததும் மனைவி சமையலறைப் பக்கம் எழுந்து போவதையும் கவனித்திருக்கிறேன்.

கெட்டுப் போகவில்லை, சரி. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, சிபிஎஃப் சேமிப்பு ஏறுகிறது. அப்புறம் ஏன் லிஃப்டில் யாரோ லேசாக இடித்ததற்கே கை முறுக்கிக்கொள்கிறது?

எனக்குத் தெரிந்த ஒருவர். அப்பா குடித்துவிட்டு வருவார், வாசல் இரும்புக் கதவில் சாவி திருகும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுமாம். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் மாறவில்லை. “சாப்பாடு எடுத்து வைக்கவா?” என்று மனைவி கொஞ்சம் அலுப்பாகக் கேட்டால்கூட அதில் ஒரு குத்தல் இருப்பதாகத் தோன்றி, தட்டு பறக்கும். உளவியல் ஆய்வாளர் கென்னத் டாட்ஜும் அவருடன் இருந்தவர்களும் 1990இல் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கண்டதும் இதுதான்: வீட்டில் அடிபட்ட பிள்ளைகள் மற்றவர்கள் தெரியாமல் செய்வதையும் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு முதலில் கை ஓங்குகிறார்கள்.

அடிபட்டவர்கள் எல்லாரும் அடிக்கிறவர்களாகிவிடுவதில்லை, பெரும்பாலோர் ஆவதில்லை. ஆனால் அந்தப் பெருமையை ரோத்தானுக்குக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்கு எரிச்சல். ஹவாயில் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடி, ஓயாத சண்டை என்றிருந்த வீட்டுப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு பெரியவர் துணை இருந்தார், பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டு அக்காவோ. நம்மில் பலரும் அப்படித்தான் பிழைத்தோம். நன்றியை மட்டும் பிரம்புக்குச் சொல்கிறோம்.

தட்டைப் பறக்கவிடும் அந்த மனிதரை ஆலோசகரிடம் போகச் சொன்னால் “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறார். பாவம்தான், ஆனால் அப்பா செய்ததற்கு மனைவி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? பேட்டைக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய்ப் பேசலாம். கை நீளும் அளவுக்குப் போய்விட்டால், சிங்கப்பூரின் வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும். அடிபடுபவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்பவரும் கூப்பிடலாம்.