எண்ணெய் மாற்றிய பில்லைக் கேளுங்கள்

டீசல் காரில் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றாலே தலைவலி என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாதுங்க. என் வண்டியில் இரண்டு கிளட்சும் எண்ணெயில் மூழ்கி ஓடும். ஈரோடு, கோவை என்று அலைந்தே 1,10,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பெருந்துறை தாண்டி லாரியை முந்தும்போது கியர் மாறுவதே தெரியாது. ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அதனால் அடுத்த கியர் தயாராக நிற்கும்.

மச்சான் வண்டி உலர் கிளட்ச், அதாவது எண்ணெயில் மூழ்காதது. திருப்பூர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து 48,000-லேயே ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதற ஆரம்பித்தது. காற்றில் மட்டுமே ஆற வேண்டிய கிளட்ச், அரைகுறையாகப் பிடித்தபடி போனால் சூடேறத்தானே செய்யும்? திம்பம் மலைப்பாதை வளைவில் முன்னால் கரும்பு லாரி திணறி நின்றால் நான் பிரேக்கைத்தான் மிதிப்பேன். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்களைப் பார்த்தால், கிளட்ச் இப்படித்தான் சூடேறுமே என்று மனசு பதறுகிறது.

அப்புறம் எண்ணெய். இன்ஜின் ஆயில் இல்லை, கிளட்ச் மூழ்கி ஓடும் கியர்பாக்ஸ் எண்ணெய். என் வண்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சர்வீஸில் தேவையே இல்லை என்றார்கள். கையேட்டை விரித்துக் காட்டித்தான் மாற்ற வைத்தேன். வடித்தது கருப்பு டிகாஷன் மாதிரி இருந்தது. பழைய வண்டி பார்க்கிறவர்கள் தயவுசெய்து அந்த பில்லைக் கேட்டு வாங்குங்க.