வைத்தியத்தையும் எழுதியிருக்கலாம்

அடிமுறைங்கிற தற்காப்புக் கலையில் தேர்ந்த, மறைந்த ஆசானைப் பற்றி நீங்க வெளியிட்ட கட்டுரை நல்லா இருக்கு. ஆனா சிலம்பத்துக்கும் ஒற்றைச்சுவடுங்கிற காலடிப் பயிற்சிக்கும் அத்தனை பத்தி ஒதுக்கிட்டு, வர்ம வைத்தியத்தை ஒரே வரியில் கடந்துட்டீங்க. எங்க குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆசான்னாலே ரெண்டும் தெரிஞ்சவர்தான். வர்மம்னா உடம்பில் அடிபட்டா ஆபத்தான இடம். மொத்தம் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைஞ்ச தொடுவர்மம் 96. அடிக்கிற இடம் தெரிஞ்சா போதாது, அடிபட்டவனை இளக்கவும், அதாவது தடவிச் சரிசெய்யவும் தெரியணும். அதனாலதான் குணம் பார்க்காம யாருக்கும் வர்மம் சொல்லிக்கொடுக்க மாட்டாங்க. காலையில களரியில் கம்பு சுழற்றினவரே, பனையிலிருந்து விழுந்தவனுக்கு மத்தியானம் எண்ணெய் போட்டுத் தடவுவார். எங்க ஊர் ஆசான் காசு கேட்டு நான் பார்த்ததில்ல, கொடுத்தா வாங்கிக்குவார். இப்போ போட்டி, சான்றிதழ்னு சிலம்பத்துக்குப் பிள்ளைங்க வர்றாங்க, சந்தோஷம். வைத்தியம் படிக்கத்தான் ஆளில்லை. கட்டுரையில் வர்ற சீடர்கள்கிட்ட வைத்திய ஏட்டுச்சுவடி இருக்கான்னு விசாரிச்சு எழுதுங்களேன்.